நான் சொல்லாத ஸாரி

பில்லியர்ட்ஸ் வகைப் பூல் விளையாட்டில் நான் ஒழுங்கீனமாக நடந்துகொண்டேன் என்று ஒரு வெளிநாட்டு நடுவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதை நம்பியவர்கள் நிறையப் பேர். நம்பட்டும். மாமல்லபுரத்தில் அன்று நடந்தது என்ன என்று என்னை யாரும் கேட்கவில்லை, அதனால் கேட்காமலேயே சொல்கிறேன்.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே, மருந்துக் கடைக்கு மேல்மாடியில் என் அண்ணன் பூல் ஹால் வைத்திருந்தான். தொண்ணூறுகளின் கடைசியில் ஆரம்பித்தது. சென்னையில் ஏதோ கிளப்பில் வேண்டாம் என்று தள்ளிய இரண்டு மேஜைகள், மேல்துணியில் ஒட்டுப்போட்டவை. பொத்தேரி காலேஜ் பையன்கள் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்து வந்து ஆடுவார்கள். பகலில் கல்லாவில் நான்தான். ஆள் இல்லாத நேரத்தில் சும்மா கொட்டாவி விடுவானேன் என்று ஸ்டிக்கை எடுத்தேன். கொஞ்ச நாளில் பையன்கள், "அண்ணாத்த, ஒன் தங்கச்சிகூட ஆட்டம் வாணாம், மானம் பூடும்" என்று கும்பிடு போட ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஹாலில் நடுவர் கிடையாது. தப்பாக அடித்தால் அடித்தவரே ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு முறை இருந்தது. வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து, துடைத்து, எதிராளி கையில் கொடுத்துவிட வேண்டும். என் தப்பு, இனி உன் ஆட்டம், வேண்டிய இடத்தில் வைத்து அடி என்று அர்த்தம். ஸ்டேஷன் ரோட்டுப் புழுதி பந்தில் அப்பிக்கொண்டே இருக்கும், அதனால்தான் துடைப்பது. எடுக்காமல் மழுப்புகிறவனோடு மறுநாள் யாரும் ஆடமாட்டார்கள். ஒருமுறை என் அண்ணனே மழுப்பப் பார்த்தான். ஒரு வாரம் அவன் ஹாலிலேயே அவனுக்கு ஜோடி கிடைக்கவில்லை.

சிறுசேரியில் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்களில் மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலில் பெண்களுக்கான சர்வதேசப் போட்டி வைத்தார்கள். மாநில அளவில் ஜெயித்திருந்ததால் எனக்கும் இடம் கிடைத்தது. அங்கேயும் தப்பை அவரவரே ஒத்துக்கொள்கிற வழக்கம்தான். கறுப்பு பேண்ட், காலர் வைத்த பனியன் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டுமாம். அண்ணன் வாங்கிவந்த பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்திக்கொண்டு போனேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் விதிகள் சொல்லும் கூட்டம். நடுவர் வெள்ளைக்காரர், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி டை. மடமடவென்று இங்கிலீஷில் பேசினார். அதில் எனக்குப் புரிந்தது ஃபவுல், டேபிள், தேங்க்யூ. என் பக்கத்தில் வியட்நாமிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அதுவும் தெரியாது போல. மற்றவர்கள் சிரித்தபோதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாகச் சிரித்தோம். கடைசியில், "எனி கொஸ்டின்ஸ்?" என்றார். எல்லோரும் இல்லை என்று தலையாட்டினோம். புரிந்தால்தானே கேள்வி வரும்!

அரையிறுதியில் அவளும் நானும்தான் மோதினோம். சரிக்குச் சரியாக வந்து, கடைசி ஆட்டத்தில் நின்றது. அதை ஜெயிப்பவள் இறுதிக்குப் போவாள். எங்கள் ஹாலிலிருந்து ஒருத்தி அங்கே போய் நின்றால் செங்கல்பட்டில் அண்ணன் தலை எவ்வளவு நிமிரும் என்று எனக்குத் தெரியும். அவன் கூட்டத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பந்துகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் உண்டு. மேஜையில் இருப்பதில் சின்ன எண்ணை வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதைக் குழியில் தள்ளுகிறவர்தான் ஜெயித்தவர். எனக்கு ஐந்தாம் பந்து, அதை ஒட்டி ஏழு. அடித்தேன். வெள்ளை முதலில் ஏழில்தான் பட்டது. மயிரிழை வித்தியாசம். மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்ற நடுவர் அதைப் பார்க்கவில்லை, கம்மென்று இருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் என் கைக்கு வேறு பழக்கம் தெரியாதே. மெதுவாக உருண்டு வந்த வெள்ளைப் பந்தை எடுத்து, பனியன் நுனியில் துடைத்து, அவளிடம் நீட்டினேன்.

நடுவர், "ஃபவுல்!" என்று கத்தினார். ஆமாம், அதைத்தானே நானும் சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அவர் அதோடு விடவில்லை. ஏதோ நீளமாகப் பேசி, ஆட்டம் முடிந்தது என்று கையை வீசிக் காட்டி, அந்தப் பெண்ணுக்குக் கைகொடுக்கப் போனார்.

போட்டி நடத்திய சங்கத்து சார் ஓடிவந்தார். சென்னைக்காரர், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. "உருண்டுகிட்டிருக்கிற பந்தை எடுக்கக் கூடாதும்மா. வேணும்னே ஆட்டத்தைக் கெடுக்கறதுன்னு அர்த்தம். ஆட்டம் அவளுக்கு. நேத்து மீட்டிங்ல சொன்னாரே, தலையாட்டினியே?" என்றார்.

"கெடுக்கறதா? இன்னா சார் பேசற! அவரு பாக்காத தப்ப நானே ஒத்துகினேன். மறைக்கணும்னா கம்முனு இருந்திருக்க மாட்டனா? எங்க ஊர்ல தப்பு பண்ணவன்தான் பந்த எடுத்துக் குடுப்பான். எடுத்தது ஃபவுலுன்னா ஃபவுலு, அவ ஆடட்டும், ஆடி ஜெயிக்கட்டும். ஏமாத்துனேன்னு மட்டும் சொல்லாதன்னு அவராண்ட சொல்லு சார்!"

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். சார் நடுவர் பக்கம் திரும்பி, பல்லைக் காட்டிக்கொண்டு ஒரே வரி சொன்னார். அந்த வரியில் எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்று இருந்தது. ஸாரி.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. "நான் ஸாரி சொல்லல! நான் சொன்னத சொல்லு!" என்று கத்தினேன். "எதுக்கும்மா பிரச்சினை, பெரிய மனுஷங்க வந்திருக்காங்க" என்று அவர் என் தோளைத் தொட வந்தார். கையைத் தட்டிவிட்டேன். அண்ணன் எழுந்து, "பாப்பா, வுடு, வூட்டுக்குப் போலாம்" என்றான். "நீ ஒக்காருண்ணா. நான் போவ மாட்டேன்" என்று ஸ்டிக்கைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டேன்.

வியட்நாம் பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் ஏழில் முதலில் பட்டதை அவளும் பார்த்திருந்தாள், அது அவள் கண்ணிலேயே தெரிந்தது. நடுவர் நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை. என் கையில் இன்னமும் இருந்த வெள்ளைப் பந்தை வாங்கினாள். மேஜையில் தனக்கு வேண்டிய இடத்தில் வைத்தாள். குனிந்தாள்.

நடுவர், "மேட்ச் ஓவர், மேட்ச் ஓவர்" என்றார். அவள் நிமிர்ந்து, ஸ்டிக் முனையால் மேஜையில் கிடந்த ஒன்பதாம் பந்தைக் காட்டினாள். இது உள்ளே போகாமல் எப்படி முடியும் என்று கேட்கிற மாதிரி. மறுபடி குனிந்து ஐந்தை அடித்துத் தள்ளினாள்.

அவரால் என்ன செய்ய முடியும்? ஜெயித்துவிட்டாய் என்று அவரே அறிவித்தவளைத் தப்பு செய்தாய் என்று எப்படிச் சொல்வார்? சொன்னாலும் எந்த மொழியில் சொல்வார்? கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஆறு போனது. ஏழு போனது. நான் ஒன்றும் மகாத்மா இல்லை. தவறவிடடி, ஒரே ஒரு பந்தைத் தவறவிடு, அப்புறம் பார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டுதான் நின்றேன். அவள் தவறவிட்டால் நான் ஆடுவேன், எந்த நடுவர் தடுக்கிறார் பார்க்கிறேன் என்று ஸ்டிக் முனையில் வழுக்காமலிருக்கச் சாக்கட்டியைக்கூடத் தேய்த்து வைத்துக்கொண்டேன். எட்டும் போனது. ஒன்பது குழியின் ஓரத்தில் ஒரு கணம் தயங்கி, விழுந்தது.

தோற்றேன். சுத்தமாக, மேஜை மேலே, ஆட்டத்தில் தோற்றேன். வெள்ளைப் பந்து என் பக்கமாக உருண்டு வந்துகொண்டிருந்தது. அது நிற்பதற்கு முன்பே எடுத்தேன். நடுவரைப் பார்த்துக்கொண்டே பனியனில் நன்றாகத் துடைத்து, அவளிடம் கொடுத்தேன். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். நடுவர் ஒரு காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

வெளியே கடல் காற்று மண்ணை வாரி அடித்தது. அண்ணன் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தபோது சங்கத்து சார் மூச்சிரைக்க வந்தார்.

"ரிப்போர்ட் எழுதிட்டிருக்கார்ம்மா. போய் ஒரு ஸாரி சொல்லிடு, கிழிச்சுப் போட்டுடுவார். இல்லன்னா ஒரு வருஷம் எங்கயும் ஆட முடியாது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

"என் பேர்ல நீயே ஒண்ணு சொல்லிட்டியே சார், அதையே வெச்சிக்கச் சொல்லு" என்றேன்.