தணிகாசலம் தூக்கிப் பார்த்த எடை

தணிகாசலம் இன்று காலை போய்விட்டான். ஹார்ட் அட்டாக். ஒரகடம் ரோட்டில், வே பிரிட்ஜ் ரூமில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே...

சர்வலோக நண்பர்களே, இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. என் குலதெய்வத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நம்ப வேண்டாம்.

லாரிகளை எடை போடுவது அவன் வேலை. நான் அதே கம்பெனியில் டிஸ்பாட்ச். கேட்டுக்குள் லாரி திரும்பும்போதே டயரைப் பார்த்து எடை சொல்லுவான்.

ஒருமுறை அவனுக்கும் மெஷினுக்கும் முன்னூறு கிராம் வித்தியாசம். தேடினால், டிரைவர் சீட்டுக்கு அடியில் தயிர்சாத டப்பா!

நாலு வருஷத்துக்கு முன் என் கழுத்தில் கட்டி. கேன்சர் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் அட்மிஷன் அன்று எடை கேட்டார்கள். மெஷின் ரிப்பேர், வாயால் சொன்னால் போதுமாம். ஆயுளில் எழுபதைத் தாண்டாத நான், "எண்பத்திரண்டு" என்றேன். என்னைப் போன்ற மாமன்னர்கள் குறைத்துச் சொல்வார்களா?

அந்த எடையை வைத்துத்தான் மருந்தின் அளவைப் போடுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்...

முதல் கீமோவுக்குப் பிறகு வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை. காய்ச்சல் வேறு. கீமோ என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று கிடந்தேன்.

இரண்டாவது கீமோ அன்று தணிகா பார்க்க வந்தான். சரிந்து கிடந்தவனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிச் சாய்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாடா... அறுபதுகூட இல்ல நீ."

கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்தான். "எண்பத்திரண்டுன்னு கீது. எவன்டா சொன்னான்?"

"நான்தான்."

"அட பாவி. இத வெச்சுதான்டா மருந்துக்குக் கணக்கு போட்டுகினு கீறாங்க. இதோ பார், பக்கத்துலயே எழுதி கீது."

மருந்து பாட்டில் ஏற்கெனவே ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் டியூபைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லு தணிகா."

"நான் வெளியாளு. உன் ஒடம்பு, உன் வாயி. நீயே சொல்லு."

சொன்னேன். சிஸ்டர் சிரித்தாள். "அங்கிள், நேத்து உங்க வீட்டுக் கிணத்துல முதலை இருக்குன்னீங்க. இன்னிக்கு இதா?"

வார்டே சிரித்தது. டியூப் கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கையை இழுத்துப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டேன். இந்த ஒரு பாட்டில் உள்ளே போனால் நான் அவ்வளவுதான் என்று தோன்றியது... தோன்றவில்லை, தெரிந்தது.

உடனே எழுந்து நின்று, ஆஸ்பத்திரி வாசலில் ஓடும் பெங்களூர் ஹைவே அதிரும்படி கர்ஜித்தேன்: "சிஸ்டர், நான் சொல்றத நம்பாதீங்க. எடை போட்டுப் பாருங்க. அதுவரைக்கும் ஏத்தாதீங்க!"

கீழே ஓ.பி.யிலிருந்து வேறு மெஷின் வந்தது. ஏறி நின்றேன்.

ஐம்பத்தெட்டு.

சிஸ்டர் பாட்டிலைக் கழற்றிக்கொண்டு ஓடினாள். டாக்டர் வந்து அளவை மாற்றி எழுதினார். "எந்த எடைக்கு சார் எழுதியிருக்கீங்க?" என்று நான் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது.

அப்புறம் ஒவ்வொரு கீமோவுக்கும் முதலில் மெஷின், பிறகுதான் ஊசி. நானே கேட்டு ஏறுவேன். தணிகா பின்னால் நின்று எட்டிப் பார்ப்பான். "கண்ணாடிய கழட்டுடா. கள்ள வெயிட்டு."

போன வாரத்திலிருந்து கழுத்தில் மறுபடி என்னவோ தட்டுப்படுகிறது. திங்கட்கிழமை ஸ்கேன். அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னான்...

சரி தணிகா. நீ போ. நான் ஆட்டோ பிடித்துப் போய்க்கொள்கிறேன்.

நண்பர்களே, அன்று வார்டில் நான் எழுந்து நிற்கவும் இல்லை, கர்ஜிக்கவும் இல்லை. குரலே வரவில்லை. தணிகாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சிஸ்டர் குனிந்து கேட்கும் அளவுக்குத்தான் முனகினேன்.

ஆனால் அதைச் சொன்னது நான்தான். அது மட்டும் நிஜம்.