நாலாவதாக ஒரு கல்

வடகவுஞ்சியில், பாதை இறங்கத் தொடங்கும் இடத்திலுள்ள டீக்கடையில் நானும் மைத்துனரும் மூடுபனி விலகக் காத்திருக்கிறோம். பாலசமுத்திரம் வரை நடந்தே இறங்க வேண்டும். வழியில் காட்டுமாடு நிற்கிறதாம்.

"கூட்டமா மேஞ்சா பயமில்லைங்க. சோடின்னாலும் ஒதுங்கிப் போயிரலாம். இது ஒத்தை" என்கிறார் கடைக்கார அம்மாள். கடைசிச் சொல்லை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்.

பூண்டு மூட்டையோடு ஒருவர் வருகிறார். "ஐயா, நானும் கூட வரட்டுங்களா? கீழ வீட்டுல பிள்ளை காய்ச்சலாக் கெடக்கு. வெரசாப் போகணும்."

மைத்துனர் என்னைப் பார்க்கிறார். மூன்று பேராகக் கிளம்பினால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். வாத்தியாராக இருந்தபோது வகுப்பில் அதைக் கேலி செய்தவன் நான். இப்போது எங்கள் தலைகளை எண்ணிப் பார்க்கிறேன்.

"மூணு பேரா வேண்டாம். நீங்க முன்னால போங்க, நாங்க பின்னால வர்றோம்" என்கிறேன்.

அவர் மூட்டையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு பனிக்குள் இறங்குகிறார்.

"ஒரு கல்லை எடுத்து மடியில வச்சிருந்தா நாலாயிருக்குமே. உங்க ஊர்ல அந்த வழக்கம் இல்லீங்களா?" என்கிறார் அம்மாள்.

இருக்கிறது. எனக்கு அது நினைவுக்கும் வந்தது. முன்னால் போகிறவரைத்தான் ஒத்தை முதலில் பார்க்கும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

கீழே கற்கள் உருளும் சத்தம் கேட்கிறது. எழுந்து ஓடிப்போய்ப் பாதையின் விளிம்பில் நிற்கிறேன். கூப்பிட வாயைத் திறக்கிறேன். அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.