பனித்துகள்களின் நடுவே ஒரு பொன்னாடை

என் மகள் பலே நடனம் பழகத் தொடங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது. எனக்கு ஐம்பத்தைந்து கடந்திருந்தது. ஒரே பிள்ளை, காலம் பிந்திப் பிறந்தவள். அப்போது நாங்கள் புலம்பெயர்ந்து வந்து, சென்ட் லோரன்ட் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். சமையலறையில் மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்தபடி அவள் காலை மெல்ல உயர்த்துவாள். நான் பத்திரிகை படிப்பவன்போல அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாழ்ப்பாணத்தில் நான் கண்ட நடனங்களில் கால் தரையோடு பேசும். இவளோ குதித்து இறங்கினாலும் கீழ்வீட்டுக்குக் கேட்காது. சத்தத்தை எங்கே ஒளித்து வைக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"முழங்காலுக்கை, அப்பா" என்றாள்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு, வில்லரேயில் ஒரு பள்ளி மண்டபத்தில் அவர்களின் நிகழ்ச்சி. பிள்ளைகள் எல்லோரும் பனித்துகள்கள். கடைசியில் மற்றவர்கள் உறைந்து நிற்க, இவள் மட்டும் நடுவில் ஆடும் ஒரு சிறு பகுதி இருந்தது. அது எப்படி இருக்கும் என்று அறிய ஆசைப்பட்டுக் கேட்டுப் பார்த்தேன். வீட்டில் காட்ட மாட்டாள். "அங்க வந்து பாருங்கோவன்" என்பாள்.

எங்கள் ஆட்களின் மேடையில் ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்தாமல் எதுவும் நிறைவு பெறாது. நானும் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். வெளியில் வைத்துக் கொடுக்கலாமே என்று மனைவி சொன்னாள். மரியாதையை வெளியில் வைத்துக் கொடுப்பதா என்று அவளை மடக்கிவிட்டேன். அவளுடைய தம்பியிடம் கமராவைக் கொடுத்து முன்வரிசையில் இருத்தினேன்.

இசை நின்றது. பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். சிலர் கைதட்டினார்கள். முடிந்துவிட்டது என்று எண்ணி, பனிச்சப்பாத்தோடு பக்கப்படியால் ஏறினேன். திரையோரம் நின்ற ஆசிரியை என்னைக் கண்டு இரண்டு கைகளையும் அசைத்தார். எங்களில் பொன்னாடை வேண்டாம் என்று முதலில் சொல்லாதவர் யார்? வேண்டாம் என்றால் இன்னும் கொஞ்சம் வற்புறுத்த வேண்டும், அவ்வளவுதான். அவரை மேடைக்கு இழுத்துக்கொண்டு வந்தே போர்த்தினேன். கமரா மின்னியது. சபை சிரித்தது. அவரும் சிரித்து, மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

அதற்குள் இசை மறுபடி தொடங்கியிருந்தது. மகள் ஒரு கையை உயர்த்தியபடி நடுவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கி இருக்கைக்கு வருவதற்குள் அவளுடைய இசை முடிந்துவிட்டது.

காரில் அவள் அழவில்லை. படம் நல்லாய் வந்திருக்கு அத்தான் என்று மைத்துனன் பகிடி விட்டதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. சிறிது தூரம் போனபின் மகள் கேட்டாள்:

"ரீச்சர் கையைக் காட்டினவ. நீங்கள் காணேல்லையே?"

"கண்டனான்."

அந்தக் கையசைப்பு மறுப்பாக இருக்கக்கூடும் என்று அந்தக் கணமே ஓர் ஐயம் வந்ததும் உண்மை. ஆனால் அந்த மேடையில், அந்த வெள்ளைக்காரச் சபைக்கு முன்னால், கொடுப்பவனாக நான் நிற்கும் படம் எனக்கு வேண்டியிருந்தது. ஆசிரியையின் மரியாதை அதற்கு ஒரு சாக்கு.

நத்தார் அன்று பகல் பூசை முடிந்து ரொக்ஸ்பரோவில் மைத்துனன் வீட்டில் கூடினோம். கேக்கும் ரோல்ஸும் மேசையில் இருந்தன. பிள்ளைகள் நிலக்கீழ் அறைக்குப் போய்விட்டார்கள். சற்று நேரத்தில் கீழே பிரெஞ்சில் ஏதோ அறிவிப்பு, பிறகு அமைதி, பிறகு நெடுநேரம் கைதட்டல். மைத்துனனின் மனைவியான மச்சாள் தேநீர்த் தட்டோடு படியேறி வந்து, என் மகள் தன் பகுதியை முழுதாக ஆடிக் காட்டினாள் என்றார்.

எப்படி ஆடினாள், கடைசியில் சுற்றினாளா, குதித்தாளா என்று நான் கேட்டேன். மச்சாளுக்கு விவரிக்கத் தெரியவில்லை. வடிவாய் இருந்தது என்றார்.

"பிள்ளையள் திருப்பி ஆடச் சொல்லி நிக்கினம். போய்ப் பாருங்கோவன்" என்றாள் மனைவி.

எழுந்து படிக்கட்டின் மேல்முனை வரை போனேன். கதவு திறந்துதான் கிடந்தது.

"அவள் கூப்பிடேல்லை" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன்.