பச்சை பாட்டிலுக்குள் ஊசிகள்

சென்ற கோடையில் ஒரு காலை, மைசூரில் எங்கள் குடியிருப்பின் உலர்கழிவுக் கூடத்தில் இது நடந்தது. நாங்கள் குப்பையைத் தரம் பிரிக்கும் முறையைக் காண வெளிநாட்டுக் குழு ஒன்று அன்று பதினொரு மணிக்கு வரவிருந்தது. வரவேற்பு என் பொறுப்பு.

ஒவ்வொரு பையிலும் வீட்டு எண்ணை எழுத வேண்டுமென்ற விதியைக் கொண்டுவந்தவளும் நானே. பிரிக்காமல் போடுபவரின் எண்ணை வாட்ஸ்அப் குழுவில் வெளியிடுவேன். வெளியிட்டபோதெல்லாம் உள்ளூர மகிழ்ந்தும் இருக்கிறேன்.

நான் நுழைந்தபோது, கழிவு பிரிக்கும் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைக் குழாய்நீரில் காட்டிக்கொண்டிருந்தார். தமிழக எல்லையோரம் இருக்கும் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்ப்பெண். வீட்டில் ஐந்து மாதக் குழந்தை. மூடியும் பாட்டிலும் வேறு வேறு பிளாஸ்டிக் ஆதலால், மூடியைத் தனியே எறிந்துவிட்டுப் பாட்டிலைக் கையால் நசுக்குவது அவர் வேலைமுறை. அப்படி நசுக்கிய பச்சைக் குளிர்பான பாட்டிலுக்குள் இருந்த இன்சுலின் ஊசி, பாட்டிலையும் கையுறையையும் துளைத்து அவர் கையில் ஏறியிருந்தது.

நான் கைப்பேசியைக் கையிலெடுத்தேன்.

"எந்த வீட்டுப் பைம்மா இது? நம்பரைச் சொல்லு, இப்பவே குரூப்புல போடறேன்."

"உடுங்கக்கா. தெரியாமப் போட்டிருப்பாங்க."

"இப்படி விட்டு விட்டுத்தான் இவங்களுக்கு இவ்வளவு திமிர். சொல்லு!"

"வேண்டாங்கக்கா... நீங்கதான் சங்கடப்படுவீங்க."

பையை நானே திருப்பினேன். என் கையெழுத்தில் என் வீட்டு எண்.

என் கணவருடைய ஊசிகளை மூடியுள்ள பாட்டிலில் சேர்த்துப் போடுவதே பாதுகாப்பு என்று நம்பியிருந்தேன். அந்த பாட்டிலை ஒருவர் திறப்பார், நசுக்குவார் என்பது ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்த எனக்குத் தெரியவில்லை. அவர் கழிவு பிரிக்கும் மேசையருகே ஒருநாளும் நான் நின்று பார்த்ததில்லை.

குடியிருப்புச் சங்கத்தின் கன்னடக்காரச் செயலாளரைக் கைப்பேசியில் அழைத்தேன்.

"ஊசிதானே மேடம்? பிளாஸ்திரி போடச் சொல்லுங்க. கெஸ்ட் வர்ற நேரம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. கிளவுஸ் மெல்லிசா இருந்தா நாம என்ன பண்றது?"

அந்தக் கையுறையே போதும் என்று ஒப்புதல் தந்தவர்கள் நாங்கள் இருவருந்தாம். "நீங்களே போய் மாலை போடுங்க" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன்.

மருத்துவமனைக்குப் போகும் ஆட்டோவில் அந்தப் பெண் ஒன்றே ஒன்று கேட்டார்: "பாப்பாவுக்குப் பால் குடுக்கலாங்களாக்கா?"

ஊசி என் கணவருடையது என்பதால், தொற்று ஏதும் உண்டா என்றறிய அவரையும் வரவழைத்து இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை பால் கொடுக்க வேண்டாம் என்றார் மருத்துவர். அந்தப் பெண்ணுக்குப் பால் கட்டி நெஞ்சு வலித்தது போலும். நனைந்த சேலையை மறைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி மாலைவரை அமர்ந்திருந்தார். இடையில் என் கைப்பேசியில் படங்கள் வந்தன. அவர் நிற்கும் அதே மேசையருகே செயலாளரும் விருந்தினரும் சிரித்துக்கொண்டிருந்தனர். 'உலகுக்கே வழிகாட்டும் நம் குடியிருப்பு' என்று யாரோ எழுதியிருந்தார்கள். கீழே கைதட்டல்கள். நடந்ததைக் குழுவில் எழுதினேன். "இன்னிக்கு இது தேவையா மேடம்?" என்று ஒரு பதில் வந்தது.

மாலையில் முடிவு வந்தது: என் கணவரின் இரத்தத்தில் அஞ்சத்தக்கது எதுவுமில்லை, பால் கொடுக்கலாம். அந்தப் பெண் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "வரேங்கக்கா, பாப்பா அழுதுட்டிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார்.

பூமியைக் காக்கிறோம் என்று எவர் மேடையேறினாலும் இன்றும் எனக்குச் சினம் மூள்கிறது. அதில் பெரும்பகுதி என்மீதே என்பதால், அது தணிவதை நான் விரும்பவில்லை.