சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு

கொழுந்து நிறுக்கிற வேலையில ஒரு சொகம் உண்டு: நாள் பூரா அடுத்தவங்க எடையப் பாக்கலாம், நம்ம எடை என்னன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. றொசல்ல பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல பத்து வருஷமா நான் கணக்கப்பிள்ளை. பொம்பளைங்க மலையில கொழுந்து எடுத்து, சாக்குல கட்டி, நிறுக்கிற கொட்டகைக்கு, அதான் மடுவத்துக்குக் கொண்டாருவாங்க. நான் தராசப் பாத்து, கழிக்கிறதக் கழிச்சு, மிச்சத்தச் சத்தமா சொல்லி எழுதுவேன். சாக்குக்கு ரெண்டு கிலோ கழிக்கணும்ங்கிறது மேலேருந்து வந்த உத்தரவு. சாக்கு அரைக்கிலோகூட இருக்காது, அது வேற விசயம். ஈரத்துக்கு ஒரு கிலோ, அது என்னோட கைவரிசை. மழை பேஞ்சாலும் கழிப்பேன், வெயில் அடிச்சாலும் கழிப்பேன். பெக்டரியில எடை கொறஞ்சா என் தலையில இல்ல விடியும்? கழிச்சு பதினெட்டு வந்தா அவங்களுக்கு முழுப் பேரு, அதாவது அன்னைக்கு முழுச் சம்பளம். பதினேழரை வந்தா அரைப்பேருதான்.

எடை கொறைக்கக் கெளம்பி ரெண்டாம் வாரமே ரொட்டிக் கடை வாசல்ல போய் நின்ன சக பாவிங்களே, இது உங்களுக்காக எழுதுறது. ஒல்லியா இருக்கிறவங்க வேற ஏதாவது படிங்க.

ஊசிக்கு மூணு மாசம்

தலை சுத்துதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீனி வருத்தம், அதாவது சக்கரை வியாதின்னாங்க. தராசுல ஏத்தினாங்க, தொண்ணூத்தெட்டு. "கால்ல போட்ட சப்பாத்து ஒரு கிலோ இருக்கும் டொக்டர்"னு சொன்னேன், காதுல போட்டுக்கல. மூணு மாசத்துல பத்து கிலோ எறக்கணும், எறக்கி சீனியும் கொறஞ்சா மாத்திரையோட தப்பிச்சேன், இல்லாட்டி அன்னையிலேருந்து தெனம் வயித்துல இன்சுலின் ஊசி, நானே போட்டுக்கணும். எனக்கு ஊசின்னா உசுரே போயிரும். பள்ளிக்கூடத்துல தடுப்பூசி போட வந்த அன்னைக்கு கக்கூசுக்குள்ள பூந்து தாப்பாள் போட்டுக்கிட்டவன் நான். நாப்பத்தஞ்சு வயசாகியும் அந்தப் பயம் கொறையல.

டொக்டரு என் வெவரம் எழுதின கொப்பியப் பாத்துட்டு, "மலையில வேலைன்னு போட்டிருக்கு, நடக்கிறதில்லையா?"ன்னு கேட்டாரு. பைக்குல போயி, மர நிழல்ல நின்னு, மேலயும் கீழயும் வேலை நடக்கிறதப் பாத்துக்குவேன்னு உண்மையச் சொன்னேன். அவரு பேனாவ மூடிட்டு சொன்னாரு: "அவங்க நடக்கிறதுக்கு உங்களுக்கு எடை கொறையாது."

வெறும் கம்பி

ஹட்டன்ல துணிக்கடைக்கு மேல் மாடியில ஒரு ஜிம். மாஸ்டர் பேரு ரிஸ்வான், முப்பது வயசு இருக்கும், அதிகம் பேச மாட்டாரு. நான் நெனச்சது ஓடுற மெஷின்ல ஏத்தி விடுவாருன்னு. அவரு ஒரு நீளக் கம்பியக் காட்டினாரு. கிழமைக்கு மூணு நாள். கம்பியத் தோள்ல வச்சுக் குந்தி எந்திரிக்கணும், படுத்துத் தள்ளணும், தரையிலேருந்து தூக்கணும். அஞ்சஞ்சு தடவையா மூணு சுத்து. ஒவ்வொரு தடவையும் ரெண்டரைக் கிலோ கூட்டணும். சோத்தக் கொறைச்சு முட்டை, பருப்பு, கடலையக் கூட்டணும். எடை கொறையிறப்போ சதையோட பலமும் சேந்து போயிரக் கூடாதுன்னுதான் இந்தக் கம்பின்னாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

கம்பி இருவது கிலோ. ரெண்டு பக்கமும் தட்டு போடாம வெறும் கம்பியக் குடுத்ததும் எனக்கு ரோசம் வந்துருச்சு. "ஆம்பளைக்குக் குடுக்கிறதக் குடுங்க மாஸ்டர்"னேன். "மொதல்ல இதோட குந்துங்க"ன்னாரு. குந்தினேன். குந்துறதுல ஒரு கொறையும் இல்ல. எந்திரிக்கத்தான் ஆள் தேவைப்பட்டுச்சு. ரிஸ்வான் பின்னாலேருந்து கம்பிய வாங்கி ஸ்டாண்டுல மாட்டிட்டு, தரையில ஒக்காந்திருந்த என்னப் பாத்து அமைதியா சொன்னாரு: "அண்ணன், கம்பி லேசுதான். கனம் உங்ககிட்டதான்."

மறுநாள் பெரட்டு

மறுநாள் காலையில பெரட்டுக்களத்துல, அதான் எல்லாரும் வேலைக்கு வந்து கூடுற எடத்துல, ஆள் பிரிக்கப் போனேன். தொடை ரெண்டும் என்னோடது இல்ல. மூணு படி எறங்கணும், பக்கவாட்டுல எறங்கினேன், நண்டு எறங்குற மாதிரி. பொம்பளைங்க வாயப் பொத்திக்கிட்டாங்க. அதுல பாக்கியம்னு ஒருத்தி. என் தராசுகிட்ட தெனம் ஒரு சண்டை போடாம வீட்டுக்குப் போனதில்ல. நாள் பூரா மலை ஏறி எறங்கி, பதினேழரைல நின்னு, அரைப்பேரோட திரும்பிப் போனவ. ஒரு தடவை இல்ல, பல தடவை. "அரைக்கிலோதானேங்க"ன்னு கேப்பா. "பதினேழரைன்னா பதினேழரைதான்"னு எழுதி மூடிருவேன்.

"காலுக்கு என்னங்க ஐயா?"ன்னா. மறைக்கிறதுல பிரயோசனம் இல்ல, ஹட்டன்ல நடந்தது றொசல்லைக்கு பஸ்ஸுக்கு முந்தியே வந்துரும். இருவது கிலோ கம்பியத் தோள்ல வச்சு குந்தி எந்திரிச்சேன்னு கொஞ்சம் பெருமையாவே சொன்னேன். அவ கொழுந்துக்கூடை தொங்குற தலைக்கயித்தச் சரி பண்ணிக்கிட்டே கேட்டா: "இருவதுன்னா, கழிச்சா, கழிக்காமலாங்க?"

கைப்பழக்கம்

ஒரு மாசம் போச்சு. கம்பி நாப்பத்தஞ்சு கிலோ ஆயிருச்சு, எனக்குத் தலைகால் புரியல. ஆனா ஜிம் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிற எடத்துக்கு நேர் எதிர்ல கொத்து ரொட்டிக் கடை. தகரத்துல தட்டுற அந்தச் சத்தம் கேட்டா கால் தானா ரோட்டக் கடக்கும். கஷ்டப்பட்டவனுக்குச் சாப்பிட உரிமை இல்லையான்னு என்னையே கேப்பேன், இருக்குன்னு நானே சொல்லிக்குவேன். வீட்டுக்கு வந்து முட்டையும் கடலையும் தனி.

தெனம் எடைய எழுதச் சொல்லி ரிஸ்வான் ஒரு கொப்பி குடுத்திருந்தாரு. தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்துநாலுன்னு அழகா எறங்கிக்கிட்டு வந்துச்சு. என் சம்சாரம் சாந்தி ஒரு நாள் அதப் புரட்டிப் பாத்துட்டு, வீட்டுத் தராசத் தூக்கிட்டு வந்து ஏறச் சொன்னா. தொண்ணூத்தேழு. சப்பாத்துக்கு ஒண்ணு, நனைஞ்ச ஜெர்சிக்கு ஒண்ணு, சாப்பாட்டுக்கு ஒண்ணு, மூணு கழிச்சு எழுதியிருக்கேன். சத்தியமா வேணும்னு செய்யல, எழுத ஒக்காந்தா கை தானா கழிக்குது. அவ சிரிக்கல. "உங்க கை நல்லாப் பழகிருச்சு. இப்ப உங்களையே ஏமாத்துது. ஊசிக்கு ரெண்டு மாசம் இருக்கு, அத யாரு கழிப்பா?"

லொறிகிட்ட காட்டின வீரம்

அன்னையோட கொத்து ரொட்டிய விட்டேன். பஸ்ஸ அடுத்த ஹோல்ட்டுக்கு நடந்து போய்ப் பிடிச்சேன், சத்தம் கேக்காத எடத்துல. பைக்கையும் பாதி நாள் போட்டுட்டு நடந்தேன். எடை மெய்யாவே எறங்குச்சு. புதுப் பலம் சும்மா இருக்க விடுமா? ஒரு நாள் கொழுந்து லொறியில ஏத்த ஆள் பத்தல. பத்து வருஷத்துல சாக்கத் தொடாத கணக்கப்பிள்ளை நான் அன்னைக்குச் சட்டைக் கைய மடிச்சேன்.

ரிஸ்வான் சொல்லிக் குடுத்த மொறைப்படி கால அகட்டி, முதுக நேராக்கி, சாக்கப் பிடிச்சு, மூச்ச இழுத்து வயித்துல அடக்கினேன். சரியில்லன்னு பட்டுச்சு, விட்டுட்டு மறுபடி கால அகட்டினேன். அதுக்குள்ள பாக்கியமும் இன்னொருத்தியும் அஞ்சு சாக்க ஏத்திட்டுப் போயிட்டாங்க. லொறி டிரைவர் கதவுல சாஞ்சு ரொம்ப நேரம் பாத்துட்டு மரியாதையாவே கேட்டாரு: "ஐயா, சாமி கும்புட்டு முடிஞ்சா தூக்குறீங்களா? கொழுந்து வாடுது."

மடுவத்துல ஒரு நிறுவை

மூணு மாசக் கெடு முடிஞ்சுச்சு, விடிஞ்சா ஆஸ்பத்திரி. பகல் நிறுவை முடியிற நேரம், ஆள் கொறஞ்சிருச்சுன்னு நெனச்சு சப்பாத்தக் கழட்டிட்டு கொழுந்துத் தராசு மேல ஏறினேன். தொண்ணூத்தொண்ணு. வேண்டியது எண்பத்தெட்டு. எறங்கி மறுபடி ஏறினேன், அதே தொண்ணூத்தொண்ணு. மூணு மாசம் முக்கி முனகினதுக்கு மூணு கிலோ மிச்சம். அழுக வராத கொறைதான்.

பின்னால சிரிப்புச் சத்தம். ஏழெட்டுப் பேரு நிக்கிறாங்க. பாக்கியம் முன்னால வந்து, மேசையில கெடந்த என் பேனாவக் கையில எடுத்து, என் கொரல்லயே சத்தமா சொன்னா: "தொண்ணூத்தொண்ணு. சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு. எண்பத்தெட்டு, எழுதியாச்சு, அடுத்தாளு வா." வெளியில வெயில் பளிச்சுன்னு அடிக்குது. ஈரம் எங்கன்னு நான் கேக்கல, கேக்கிற மொகம் எனக்கு இல்ல. பேனாவ என் கையில வச்சுட்டு சொன்னா: "நீங்க கழிச்சா எங்களுக்குப் பேரு போவுது. நாங்க கழிச்சா உங்களுக்கு ஊசியாவது போவட்டும்."

இங்க கழிக்கிறதில்ல

ஆஸ்பத்திரித் தராசும் தொண்ணூத்தொண்ணுதான் காட்டுச்சு. எடை பாத்த நர்ஸு மிஸ்ஸி சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் வரும். "மிஸ்ஸி, பெல்ட்டு, பர்ஸு, போன் எல்லாம் இருக்கு, கொஞ்சம் பாத்து..."ன்னு இழுத்தேன். அவ எழுதிக்கிட்டே, "இங்க கழிக்கிறதில்ல"ன்னா. இத்தனை வருஷத்துல தராசுகிட்ட நின்னு கெஞ்சினது அன்னைக்குத்தான்.

உள்ள போனா டொக்டரு ரத்த ரிப்போர்ட்டப் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஊசி இருக்கிற பெட்டி மேசையிலேயே இருந்துச்சு, நான் அதத்தான் பாத்தேன். சீனி நல்லாக் கொறஞ்சிருக்கு, இன்னும் கொஞ்சம் கொறையணும்னாரு. "மூணு கிலோதானேங்க டொக்டர்"னேன். பாக்கியத்தோட கொரல் என் வாயிலேருந்து வந்த மாதிரி இருந்துச்சு. அவரு பெட்டிய ஒதுக்கி வச்சாரு. "பத்து சொன்னேன், ஏழு கொறைச்சிருக்கீங்க. ஏழையும் முழுசா எழுதியிருக்கேன். இன்னும் ஒரு மாசம் பாப்போம்."

அடுத்த நாள் நிறுவை

நாலாம் நம்பர் மலைக் கொழுந்து. மழை இல்ல. பாக்கியம் சாக்க வச்சா, இருவது காட்டுச்சு. சண்டைக்குத் தயாரா இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னா. இவ்வளவு நாளும் அது பதினேழு, அரைப்பேரு. மேலேருந்து வந்த ரெண்ட நான் ஒண்ணும் பண்ண முடியாது, அதுக்கு எனக்குத் துணிச்சல் இல்ல, அதையும் சொல்லிர்றேன். என்னோட ஒண்ண மட்டும் விட்டேன். "பதினெட்டு"ன்னு சத்தமா சொன்னேன்.

பாக்கியம் நான் எழுதினத எட்டிப் பாத்தா, என் மொகத்தப் பாத்தா, மறுபடி எழுதினதப் பாத்தா. அப்புறம் பக்கத்துல நின்னவகிட்ட மெதுவா, ஆனா எனக்குக் கேக்கிற மாதிரி சொன்னா: "பாவம்டி, ஊசியப் போட்டு விட்டுட்டாங்க போல."

மூணு மாசத்துல என் ஒடம்புலேருந்து நான் எறக்கினது ஏழே கிலோ, பத்து வருஷமா அவங்க சாக்குலேருந்து எறக்கினத ஒரே கம்பியில மாட்டித் தூக்கச் சொன்னா ரிஸ்வான்கிட்ட தட்டும் பத்தாது, எனக்கு முதுகும் பத்தாது.