இடது பக்கம் கேட்காத ஹெட்போன்

லேப்டாப்பில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று, ஒலியைத் துல்லியமாக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கினேன். வட்டக்கானல் வீட்டில் அதை லேப்டாப்போடு இணைத்து ஹெட்போனை மாட்டினால், வலது பக்கம் மட்டுமே கேட்டது. வயரை மாற்றினேன், செட்டிங்ஸைக் குடைந்தேன். ஒன்றும் புரியவில்லை.

என் மனைவி வாங்கி மாட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு பக்கமும் நல்லாத்தானங்க கேக்குது?”

ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி என் தலையில் வைத்தாள். அப்போதும் வலது காதில்தான் பாட்டு. குழம்பிப்போய் அவளைப் பார்த்தேன்.

“இந்தக் காது கேக்கலையாங்க?” என்றவள் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். “நான் கூப்பிட்டா திரும்பாம இருந்தீங்களே, எம்மேல கோவம்னுல்ல நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்.”

எத்தனை முறை கூப்பிட்டிருப்பாளோ, எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கொடைக்கானல் டாக்டரிடம் போகும்போது, ஜீப்பில் அவளை என் வலது பக்கம் உட்காரச் சொன்னேன்.