மேட்டுக் கட்டிடம் ஒன்றியத்தை விட்ட கதை

வக்த்மெஸ்தர் வேலை என்பது, குழாய் ஒழுகினாலும் லிப்ட் நின்றாலும் அது உன்னால்தான் என்ற முகத்தோடு கதவைத் திறப்பவர்களிடம் "ஹை, ஹை" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போகிற வேலை. கட்டிடப் பராமரிப்பாளர் என்று தமிழில் சொன்னால் யாரோ பெரிய உத்தியோகத்தர் என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு கொத்துச் சாவி, ஒரு குறடு, ஒரு டிராக்டர், அவ்வளவுதான் ஆள். நாலு பேருக்குப் பொதுவான வேலை பார்த்து நாலு பேரிடமும் பேச்சு வாங்கினவர்கள் யாராவது இருந்தால் கிட்ட வாருங்கள், இது உங்களுக்குத்தான்.

நோர்வேயின் வடக்கு முனையில், பாட்ஸ்பியோர்டில் சில வருடம் மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவுக்கு வந்து, ரொம்சோஸில் ஐந்து வீட்டுச் சங்கங்களுக்கு நான் வக்த்மெஸ்தர் ஆனேன். கட்டிடத்துக்கு ஒரு சங்கம், ஐந்தும் சேர்ந்து ஓர் ஒன்றியம். ஒன்றியத்துக்கு ஒரு டிராக்டர், ஒரு பட்டறை, ஒரு நான். ஐந்தில் உச்சியில் நிற்கிற மேட்டுக் கட்டிடத்தில்தான் என் வீடும். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்த மேட்டுக் கட்டிடத்துக்காரர்கள் ஒன்றியத்தை விட்டுப் போகவேண்டும் என்று கிளம்பினார்கள். போனால் ஒன்றியம் சுருங்கும், என் வேலையும் சுருங்கும், ஒருவேளை இல்லாமலே போகும். பிரிவதா சேர்ந்திருப்பதா என்ற இலங்கைக் கதையிலிருந்து தப்பி உலகத்தின் உச்சிக்கு ஓடி வந்தவன் நான். அங்கேயும் வந்து கதவைத் தட்டுது பாருங்கள், என்ன தலையெழுத்தோ!

ஒழுகாத குழாய்

ஓட்வார் என்று ஓய்வு பெற்ற டிராம் சாரதி ஒருவர். பிரிந்து போகும் கட்சிக்கு அவர்தான் தலைவர். குசினிக் குழாய் ஒழுகுது, உடனே வா என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் குழாய் காய்ந்து கிடக்கிறது. மேசையில் கோப்பியும், வாபல் என்கிற கட்டம் போட்ட அப்பமும் தயார். நோர்வே மொழியான நொஸ்க்கில் கதைத்ததை எங்கள் யாழ்ப்பாணப் பேச்சிலேயே சொல்லுகிறேன், அப்போதுதான் எனக்கும் சொன்ன மாதிரி இருக்கும். "வாற வருசம் நாங்கள் சுவீடனை விட்டுப் பிரிஞ்சு நூறு வருசம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ரெண்டு தரம் ஏலாது எண்டு சொன்னனாங்கள். ஒரு டிராக்டர் ஒன்றியத்தை விட்டுப்போக எங்களுக்கு என்ன பயம்?" என்றார்.

அவருடைய முறைப்பாடு பனி. கீழே நாலு கட்டிடத்துக்கும் பனி வழித்த பிறகுதான் மேட்டுக்கு டிராக்டர் வருகிறதாம். அது ஒன்றியத்தின் சதியாம். வாபல் எனக்குத் தொண்டையில் சிக்கியது, அதற்கான காரணத்தைப் பிறகு சொல்லுகிறேன். "அப்ப என்ரை வேலை?" என்று கேட்டேன். ஓட்வாரின் முகம் உண்மையாகவே வாடிப்போனது. என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "தாஸ், உன்னிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. உன்ரை வேலை போனால் முதல் அழுறவன் நான்தான்."

அறுபத்திரண்டு பேர், அறுபத்தேழு கை

முதலாவது பொதுக்கூட்டம். சங்கத் தலைவி இங்குன், நூலகத்தில் வேலை, சேர்ந்திருக்க வேண்டும் என்ற கட்சி. வீட்டுக்கு ஒரு வாக்கு. ஒன்றியத்தின் சம்பளக்காரன் ஒன்றியத்துக்கு வாக்குப் போடுவது அழகில்லை என்று நான் மட்டும் கை தூக்கவில்லை. என்னைத் தவிர அறுபத்திரண்டு வீட்டார். பிரிய விரும்புகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் இங்குன். முப்பத்துமூன்று. சேர்ந்திருக்க விரும்புகிறவர்கள்? முப்பத்துநாலு. இங்குன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். திரும்பவும் அதே அறுபத்தேழு.

நான் கண்டுபிடித்துவிட்டேன். பின் வரிசையில் எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நாலு, அவர்களுக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர் கார்த்திக், கொம்பியூட்டர் கம்பனியில் வேலை செய்கிற பிள்ளை. ஐந்து பேரும் இரண்டு தரமும் கை தூக்கியிருக்கிறார்கள்! இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலா சட்னியா என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். நொஸ்க்காரன் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் கோப்பி ஊற்றித் தருவான். எங்களுக்கு அது வராது. கடுதாசியில் எழுதி வாங்கிப் பார்த்தால் முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. முடிவில்லை, அடுத்த கூட்டம். வெளியே கார்த்திக்கைப் பிடித்து, ஏன் ராசா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "என்னங்கண்ணா பண்றது? பாப்பாவுக்கு ஸ்கீ கத்துக் குடுத்தது ஓட்வார் சார். லைப்ரரில கதை படிச்சுக் காட்டறது இங்குன் மேடம். யார் மூஞ்சியப் பார்த்து மாட்டேன்னு சொல்றதுங்க?"

பிரியப் போனவர்கள் பிரிந்தது

இரண்டாவது கூட்டத்துக்குள் பிரியும் கட்சியே பிளந்துபோனது. விட்டுப்போய் ஒரு தனியார் கம்பனியைப் பிடிப்போம் என்றார் ஓட்வார். அவருடைய வலது கையாக இருந்த தச்சுவேலைக்கார ரோல்வ், விட்டுப்போய்ப் பக்கத்து ஒன்றியத்தில் சேருவோம் என்றார். இன்னும் சிலர், ஒன்றியத்தை விடுவோம், ஆனால் தாஸை விடமாட்டோம் என்றார்கள். நல்ல சனங்கள், அது எப்படி நடக்கும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சேர்ந்திருக்கும் கட்சியும் சும்மா இருக்கவில்லை. விதியை மாற்றிச் சேர்ந்திருப்பதா, மாற்றாமல் சேர்ந்திருப்பதா என்று இங்குனோடு அவருடைய ஆட்களே மல்லுக்கு நின்றார்கள். நாலு தீர்மானம் வந்தது, நாலும் தோற்றது. சரி, கூட்டத்தை ஒத்திவைப்போமா என்று வாக்கெடுத்தால் அதுவும் சமம்! கடைசியில் மண்டபத்தைப் பூட்டும் நேரம் வந்ததால் எல்லாரும் எழுந்து போனார்கள்.

அதன் பிறகு ஓட்வாரும் ரோல்வும் முகம் பார்ப்பதில்லை. செய்தி கொண்டு போவது யார்? ஏணியில் நின்று மாடிப்படி விளக்கு மாற்றுகிற நான்தான். ரோல்வ் கீழே நின்று, "ஓட்வாரிட்டை சொல்லு, இனி அவரோடை எனக்குக் கதை இல்லை எண்டு" என்றார். அதையேதான் உங்களிட்டைச் சொல்லச் சொல்லி அவர் நேற்றுச் சொன்னவர் என்றேன். ரோல்வ் தலையை ஆட்டினார். "பாத்தியே, ஒரு விசயத்திலையாவது ஒத்துப்போறம்."

நத்தார்ப் பூசையில் வந்த அழைப்பு

நத்தார் நாள், கிறிஸ்து பிறப்புக்குத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. காணிக்கைப் பாட்டு நேரம் சட்டைப்பையில் போன் அதிருகிறது. மேட்டுக் கட்டிட லிப்ட் நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே இரண்டு பேராம். லிப்ட் கம்பனிக்காரன் வர இரண்டு மணித்தியாலம் செல்லும். பக்கத்தில் என் மனைவி றெஜினா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையோடு கோட்டும் சூட்டுமாய் ஓடிப்போய்க் கையால் கதவை நெம்பினேன். உள்ளே யார்? ஓட்வாரும் இங்குனும்! தரையில் சப்பாணி கட்டி இருந்து, இங்குன் சுட்ட இஞ்சி பிஸ்கட்டை இரண்டு பேரும் பங்கு போட்டுச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே வந்த பிறகுதான் தாங்கள் எதிர்க்கட்சி என்பது ஞாபகம் வந்து, இரண்டு பக்கமாய்ப் போனார்கள்.

கதவு நெம்பியதில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மூன்று நாள் நிமிர ஏலவில்லை. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆட்களைத் தூக்கிப் படுக்க வைக்கிற றெஜினா, வீட்டுக்கு வந்து என்னையும் புரட்டி எண்ணெய் பூசினாள். வேலை போய்விடுமோ என்று நான் முனகினேன். அவள் பூசின கையை எடுக்கவில்லை. "இஞ்சாருங்கோ, அவை பிரிஞ்சால் என்ன, சேர்ந்தால் என்ன? பூசையாலை எழும்பி ஓடுறது நீங்கள்தானே."

சொல்லாமல் வைத்திருந்தது

இப்போது வாபல் தொண்டையில் சிக்கிய காரணம். மேட்டு வாசலைக் கடைசியாக வழிப்பது ஒன்றியத்தின் சதி இல்லை, ஒன்றியம் அப்படி ஒரு வரிசை போட்டதே இல்லை. வரிசை போட்டவன் நான். என் வீடு இருக்கிற கட்டிடத்தை முதலில் வழித்தால் மற்ற நாலு கட்டிடமும் என்ன சொல்லும்? தன் வாசலுக்கு மட்டும் பார்க்கிறான் என்று சொல்லாதோ? அந்த வெட்கத்தில் பதின்மூன்று பனிக்காலம் என் வாசலைக் கடைசியாகவே வழித்தேன். அதைப் பார்த்துத்தான் ஓட்வாருக்குக் கோபம் வந்தது, கட்சி வந்தது, கூட்டம் வந்தது. நானே கிண்டிய குழி. எழும்பிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கீழ் நாலு கட்டிடத்தாரும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், மேட்டு ஆட்களும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பயந்துபோய் இருந்தேன், அதுதான் உண்மை. றெஜினாவிடம் மட்டும் சொன்னேன். "உங்களை மாதிரி ஒரு விசரனை நான் காணேல்லை" என்றாள்.

மூன்றாவது கூட்டம்

மார்ச் மாதம், மூன்றாவது கூட்டத்தன்று பின்னேரம் கொட்டோ கொட்டென்று பனி. கீழிருந்து ஒவ்வொரு கட்டிடமாய் வழித்துக்கொண்டு வந்தேன். நான் மேட்டுக்கு ஏறும்போது கூட்டம் முடிந்துவிட்டது. வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி, அதற்குள்ளே ஆட்கள் கால் புதையப் புதைய நடந்த தடம். மண்டபத்துக்குள் நுழைந்தேன். ஓட்வாரும் ரோல்வும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இங்குன் கடுதாசிகளை அடுக்குகிறார். முப்பத்திரண்டுக்கு முப்பத்தொன்று, மேட்டுக் கட்டிடம் ஒன்றியத்தை விட்டது. ஒரு வாக்கு! யார் மனம் மாறினது என்று கேட்டேன்.

பின் வரிசையில் றெஜினா வேலைச் சட்டையோடு இருந்தாள். எங்கள் வீட்டு வாக்கு இதுவரை ஒரு நாளும் விழாத வாக்கு. "ஒருத்தரும் மாறேல்லை. நான்தான் போட்டனான்" என்றாள். சபைக்கு நடுவில் என்னால் கத்தவும் முடியவில்லை. "என்ரை வேலை போகுமெண்டு தெரிஞ்சுமோ?" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊருக்கெல்லாம் வழிச்சுக் குடுத்திட்டு, நான் வேலையாலை வாற வாசலை ஒரு நாளெண்டாலும் முதல் வழிச்சனீங்களோ? இண்டைக்கும் அதிலைதான் விழுந்து எழும்பி வாறன்" என்று முழங்கையைக் காட்டினாள். சிவந்து வீங்கியிருந்தது.

என்ன சொல்கிறாள் என்று ஓட்வார் கேட்டார். என் மானத்தை நானே நொஸ்க்குக்கு மாற்றிச் சொல்லவேண்டி வந்தது. வரிசை போட்டது ஒன்றியம் இல்லை, நான்தான் என்றும் சொல்லிவிட்டேன். ஓட்வார் கதிரையில் மெல்ல இருந்தார். "அப்ப நாங்கள் ஆரை விட்டுப் பிரிஞ்சனாங்கள்?"

பிறகு

எடுத்த வாக்கை ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை, மூன்று கூட்டம் இருந்த களைப்பு அப்படி. கீழ் நாலு கட்டிடமும் என்னை எண்பது வீத வேலையில், வாரத்துக்கு நாலு நாளாக, வைத்துக்கொண்டன. வெள்ளிக்கிழமை வேலை இல்லை. ஒரு மாதம் றெஜினாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வலிக்காத முதுகோடு நானே சமைக்கத் தொடங்கிய பிறகு கதைத்தேன். மேட்டுக்கு ஓட்வார் பிடித்து வந்த கம்பனிக்காரர் அடுத்த பனிக்காலம் எப்போது வந்தார்கள் தெரியுமோ? எல்லா இடமும் வழித்து முடித்துக் கடைசியாக. அதனால் காலையில், றெஜினா வேலைக்கு இறங்க முதல், நான் பனி அள்ளுகிற ஒரு கைச் சவளால் வாசலை வழிக்கிறேன், இது வேலை இல்லை, வீடு. முதல் நாளே ஓட்வாரும் தன் சவளோடு இறங்கி வந்து, பாரமான பக்கத்தை என்னிடமிருந்து பறித்துக்கொண்டார். "ஒன்றியமெண்டு மட்டும் இதுக்குப் பேர் வைக்காதை, தாஸ்."

ஐந்து வாசலுக்கும் பொதுவான ஆளாக இருந்தவனுக்கு, அதில் ஒரு வாசலால் தன் பெண்சாதி நடந்து வருகிறாள் என்பது விளங்க ஓர் ஒன்றியமே உடைய வேண்டியிருந்தது.